அவள் சொன்ன கலர்

எந்த ஊருக்குப் போனாலும் நல்ல ஐஸ்கிரீம் கடை ஒன்றைக் கண்டுபிடித்துவிடுவேன். சிங்கப்பூரில், தெம்பனிஸில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் போயிருந்தபோது, லிட்டில் இந்தியாவில் ஒன்று அகப்பட்டது.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். பக்கத்தில் நின்ற ஆள் ஒன்றும் வாங்காமல் கைபேசியை உயர்த்திப் பிடித்துக்கொண்டே இருந்தார். கசங்கிய சட்டை, காதில் இயர்போன். கேமரா என் பக்கம் திரும்பியது. ஐஸ்கிரீம் வைத்திருந்த கண்ணாடிப் பெட்டியின் மறு ஓரத்துக்கு நகர்ந்தேன். அதுவும் பின்னாலேயே வந்தது. சட்டையைப் பார்த்தே ஆள் எப்படிப்பட்டவர் என்று முடிவு செய்துவிட்டேன்.

"யாரைக் கேட்டு என்னைப் படம் எடுக்குறீங்க?"

கடையே திரும்பிப் பார்த்தது. அவர் பதறி இயர்போனைப் பிடுங்கிவிட்டு, திரையை என்னிடம் காட்டினார். வீடியோ அழைப்பில் ஐந்து வயதிருக்கும் ஒரு சிறுமி.

"என் பொண்ணு, அக்கா. ஊர்ல இருக்கா. எனக்குத் துவாஸ்ல வேலை. லீவு நாள்ல அங்கேருந்து இங்க வருவேன். அவ கலர் சொல்வா, நான் சாப்பிடுவேன்."

"அப்பா, அந்த அத்தை ஏன் திட்டுறாங்க?"

"திட்டலடா தங்கம். எந்தக் கலர் வாங்குறதுன்னு அத்தைக்குத் தெரியலையாம். நீ சொல்லு."

"பச்சை!"

அது பாண்டான் இலை போட்டது. அந்த வாசமே எனக்கு ஆகாது. அவள் பார்க்கப் பார்க்க, கோனின் நுனிவரை சாப்பிட்டேன். அவரிடம் மன்னிப்புக் கேட்க மட்டும் வாய் வரவில்லை.