வாசலில் மாட்டிய பி.ஏ.

பள்ளி முடித்ததும், விமானம் ஓட்டக் கற்கப் போகிறேன் என்றான் மகன். முட்டம் கரையில் நின்று தூரத்துக் கப்பலின் கொடி நிறத்தைச் சொல்லும் கண் அவனுக்கு.

எங்கள் ஊரில் பெண் கிடைக்கவும் வேலை கிடைக்கவும் பி.ஏ. வேண்டும். "டிகிரி இல்லாதவன் கையில பிளேனக் குடுப்பானா மக்கா? முதல்ல பி.ஏ. முடி" என்றேன். யாரிடமும் விசாரிக்கவில்லை.

மூன்று வருடத்தில் முடித்தான். அதற்குள் தடித்த கண்ணாடி போட்டிருந்தான். அவன் பெயரும் பி.ஏ.வும் எழுதிய பலகையை வாசலில் மாட்டிவிட்டு, திருவனந்தபுரத்தில் மருத்துவச் சோதனைக்கு நானே கூட்டிப்போனேன்.

"ஓய், இதுக்குப் பள்ளிக்கூடப் படிப்பே போதுமே. கண்ணுல்லா வேணும்!" என்றார் டாக்டர்.

திரும்பும் பஸ்ஸில் மகன் கோபப்படவில்லை. "அந்தப் பலகைய மட்டும் கழத்திருங்கப்பா" என்றான்.

வீட்டுக்கு வந்ததும் நானே கழற்றினேன். ஆணி மட்டும் இன்னும் வாசலில் இருக்கிறது.