மூடி மாறிய டயர்கள்

டயர்களில் காற்று குறைந்தால் எச்சரிக்கும் கருவியொன்றை என் கணவர் வாங்கி எங்கள் வான் வண்டியில் பூட்டினார். வால்வு மூடிகளுக்குப் பதிலாக நான்கு சென்சர் மூடிகள். ஒவ்வொன்றும் தன் டயரின் அழுத்தத்தை அளந்து முன்னாலுள்ள சிறு திரைக்கு அனுப்பும்.

எத்தாளைக் கடற்கரை மணலில் ஒருநாள் வான் புதைந்தது. டயர் பரந்து மணலைப் பிடிக்கட்டுமென்று, வழக்கம்போல மூடிகளைக் கழற்றிக் காற்றை இறக்கி, வானை வெளியே எடுத்தோம். அவர் பம்பால் மறுபடி காற்றடிக்க, மூடிகளை நான் பூட்டினேன்.

புத்தளம் போகும் வழியில் திரை கத்தியது: முன் இடது டயரில் காற்று குறைகிறது. இறங்கிப் பார்த்தால் டயர் கல்லுப்போல இருந்தது.

"இது பொய் செல்லுது புள்ள. ஏறு, போவம்" என்றார்.

பொய்யென்றால் எண் ஏன் இறங்கிக்கொண்டே போகிறது? மற்ற டயர்களையும் மிதித்துப் பார்த்தேன். பின் வலது டயர் அமுங்கியது. முள் ஏறியிருந்தது.

"பள்ளிவாசல்ல செருப்பு மாறுற மாதிரி மூடி மாறிட்டு" என்று அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த டயருக்கு மேலேதான் பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

சென்சர் பொய் சொல்லவில்லை. நான் இடம் மாற்றியது அதற்குத் தெரியாது, அவ்வளவுதான். இப்போது சக்கரத்துக்கு ஒரு நிறமாக, மூடியிலும் அதன் சக்கரத்திலும் கியூட்டெக்ஸ் பொட்டு வைத்திருக்கிறேன். தொழுகைக்காக என் நகத்தில் பூசாத கியூட்டெக்ஸ், எங்கள் வானின் நான்கு சக்கரங்களிலும் இருக்கிறது.