ஞானராஜ் அண்ணன் கேட்ட கூடம்

செய்தி வந்தபோது நான் நாகர்கோவிலில் ஓர் அரசு அலுவலக வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். தக்கலைக் கூடத்தின் சாவியைக் கேட்டுப் போயிருந்தேன். அதிகாரி மீட்டிங்கில் இருப்பதாகச் சொன்னார்கள். ஞானராஜ் அண்ணனின் மகள் ஜாஸ்மின் போனில் அழைத்தாள். "அத்தே, அப்பா போயிட்டாவ" என்றாள். எழுந்து வெளியே வந்தேன். பியூன் பின்னால் வந்து, "இப்பம் சார் வந்திருவாவ, இருங்கம்மா" என்றார். இனிமேல் யாருக்காக இருப்பது என்று தோன்றியது. பஸ் ஏறினேன்.

அண்ணனை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தக்கலைப் பக்கத்துத் தேவாலயத்தில் பாடகர் குழுவை நடத்தியவர். கிறிஸ்துமஸ் பாட்டுக்கும் மெட்டுப் போடுவார். எங்கள் கோவில் கொடைத் திருவிழாவுக்குப் போகும் நாடகக்காரர்களுக்கும் போட்டுத் தருவார். நான் கொட்டாரத்தில் வில்லுப்பாட்டு பாடுகிறவள். ஒருமுறை என் பாட்டு ஒன்றைப் பதிவு செய்ய இருவரும் திருவனந்தபுரம் போனோம். அங்கே ஸ்டூடியோவில் இருந்த இளைஞர், வில்லில் கட்டியிருந்த மணிகளைக் கழற்றிவிட்டுப் பாட முடியுமா என்று மலையாளத்தில் கேட்டார். அந்தச் சத்தம் பாட்டுக்கு இடைஞ்சலாக இருக்கிறதாம். அண்ணன் சண்டை போடவில்லை. என்னைப் பார்த்து, "கழத்தாண்டாம் மக்களே, வீட்டுக்குப் போவோம்" என்றார். திரும்பி வரும் பஸ்ஸில், எல்லையில் களியக்காவிளை தாண்டியதும்தான் வாயைத் திறந்தார். "நம்ம ஊர்ல நமக்குன்னு ஒரு ஒலிப்பதிவுக் கூடம் வேணும், கேட்டியா?"

உள்ளூர்க் கலைஞர்களின் தொழிலுக்கு உதவ அரசு மானியம் தருவதாக அறிவிப்பு வந்ததும், அண்ணன் எங்கள் சங்கத்தைக் கூட்டினார். நாடகக்காரர்கள், பேண்டு வாத்தியக்காரர்கள், வில்லுக்காரர்கள் என்று எல்லாரும் வந்தோம். அவர் கேட்டது ஜன்னல் இல்லாத ஒரு சின்ன அறை. எங்களுக்கு அது விளங்கவில்லை. பிறந்ததிலிருந்து கூட்டத்தின் முன்னால் பாடியே பழகியவர்கள் நாங்கள். ஆள் உட்கார இடம் இல்லாமல் என்ன கூடம் என்று ஒருவர் கேட்டார். மேடை வேண்டும் என்றார் இன்னொருவர். பேண்டு செட்டார் காற்றோட்டம் கேட்டார்கள். அண்ணன் கொஞ்ச நேரம் வாதாடிப் பார்த்துவிட்டு, "சரி, எல்லாம் எழுதுங்க. உள்ள ஒரு ரூமு மட்டும் எனக்குத் தந்தா போதும்" என்றார். எல்லாரும் சேர்ந்து கேட்டால்தான் கிடைக்கும் என்பது அவர் கணக்கு.

கிடைத்தது. எத்தனை அலுவலகங்களுக்கு நடந்தோம் என்று எழுதினால் படிக்கிற உங்களுக்கும் கால் வலிக்கும். ஆணை வந்த அன்று அண்ணன் எல்லாருக்கும் ரசவடை வாங்கிக் கொடுத்தார். அவ்வளவு சந்தோஷமாக நான் அவரைப் பார்த்ததில்லை.

கூடம் எழும்பியது, திருவனந்தபுரம் ரோட்டை ஒட்டி. புறம்போக்கு நிலம் அங்கேதான் இருந்ததாம். நாலு பக்கமும் அகலமான ஜன்னல்கள், மேலே காற்றுக்கு ஓட்டைகள், நடுவில் மேடை. உள்ளறையைக் காணோம். என்ஜினியரிடம் கேட்டோம். "காத்தோட்டம் கேட்டது நீங்கதானே? பல்நோக்குக் கூடம்னுதான் ஆர்டர்ல இருக்கு" என்றார். அவர் சொன்னதும் பொய்யில்லை.

"காத்து வந்தா கூடவே பஸ்ஸும் வரும்லா சார்" என்றார் அண்ணன். என்ஜினியர் சிரித்துவிட்டுப் போனார். அண்ணனும் சிரித்தார். எனக்குத்தான் அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை.

ஆனால் அவர் சும்மா இருக்கவில்லை. தெரிந்தவர்களிடம் தென்னை நார்ப் பாய்கள் கேட்டு வாங்கினார். குலசேகரத்து மைத்துனர் தோட்டத்திலிருந்து ரப்பர் ஷீட்டுகள் வந்தன. ஜன்னல்களையெல்லாம் மூடி, மேடையின் மூலையில் ஓர் அறை மாதிரி கட்டினார். உள்ளே ரப்பர் நாற்றம் குடலைப் பிடுங்கியது. ஒப்பந்தக்காரரின் ஆட்கள் வெள்ளையடித்துக்கொண்டிருந்த அந்த நாளில், அவர்களைக் கெஞ்சி நிறுத்திவிட்டு, என்னை வில்லோடு உட்காரவைத்தார். பதிவு மெஷினை அவர் பார்த்துக்கொண்டார். நான் முதல் அடியைத் தொடங்கியதும் பஸ் ஹாரன் அடித்தது. அது போனதும் லாரி. அப்புறம் இன்னொரு பஸ். ஒவ்வொரு முறையும் அவர் கையை உயர்த்துவார்: "பஸ்ஸு போவட்டு மக்களே." இரண்டு வண்டிகளுக்கு நடுவே கிடைத்த சந்தில் ஒவ்வொரு அடியாகப் பாடி, சாயங்காலத்துக்குள் ஒரு பாட்டை முடித்தோம். மணிகள் அத்தனையும் அதில் இருந்தன.

"அடுத்தது என் பாட்டு. உள்ள ரூமு ஒழுங்கா கெட்டிக்கிட்டு, நிதானமா பாடுதேன்" என்றார்.

அதற்குள் ஆய்வுக்கு வந்தவர்கள், தீப்பிடிக்கும் பொருள் என்று பாய்களையும் ஷீட்டுகளையும் அகற்றச் சொன்னார்கள். பிறகு கூடத்தைப் பூட்டினார்கள். திறப்பு விழா முடியாமல் யாரும் உள்ளே போகக்கூடாதாம். விழாவுக்கு வரவேண்டியவருக்கு நேரம் கிடைக்கவில்லை. நேரம் கிடைத்தபோது தேர்தல் அறிவித்துவிட்டார்கள். தேர்தல் முடிந்ததும் புதிதாகத் தேதி கேட்க வேண்டியிருந்தது. பூட்டு துருப்பிடித்தது. அந்த வழியாகப் போகும்போதெல்லாம் அண்ணன் பஸ்ஸிலிருந்து எட்டிப் பார்ப்பார். நான் ஆத்திரப்பட்டால், "பஸ்ஸு போவட்டு" என்பார். ஒரு கட்டத்தில் அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வந்தது.

அப்போதுதான் அவர் தொண்டையில் கட்டி என்று கண்டுபிடித்தார்கள். ஆபரேஷன் செய்தால் குரல் போகலாம் என்றார் டாக்டர். அவர் மனைவி மேரி அக்கா என்னிடம் அழுதார். "நீ சொன்னாக் கேப்பாவ. திருவனந்தபுரத்துக்குக் கூட்டிட்டுப் போயி அந்தப் பாட்ட எடுத்திரு." நான் சொன்னேன். கெஞ்சினேன். வீட்டிலேயே போனில் பாடுங்கள் என்றுகூடச் சொன்னேன். அவர் மசியவில்லை.

"எனக்கு அங்க போயி பாடத் தெரியாதுன்னா நினைக்கிய? கூடம் கேட்டவனே வெளிய போயி பதிஞ்சா, இவனுவளுக்கு எதுக்குக் கூடம்னு நாளைக்குக் கேப்பான். பொறவு வாற பிள்ளைகளுக்கு எவன் திறப்பான்?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. இருந்தும் அந்த நியாயத்தின் மேல் எனக்கு இன்றுவரை கோபம்தான். ஆபரேஷனுக்கு முந்தைய நாள் வரை திறப்பு விழாத் தேதி வருமென்று காத்திருந்தார். அதற்குப் பிறகு அவரிடமிருந்து காற்றுதான் வந்தது.

அடக்கத்துக்குப் போகும் வழியில் கூடத்தின் முன்னால் வண்டி நெரிசலில் நின்றது. பின்னால் வந்த பஸ்கள் ஹாரன் அடித்தன. பாடகர் குழு பாட்டை நிறுத்திவிட்டது. யாரும் யாரையும் பார்த்துக்கொள்ளவில்லை. எல்லாருக்கும் ஒரே வார்த்தைதான் நினைவுக்கு வந்திருக்கும். நெரிசல் விலகியதும் மறுபடி பாடினார்கள்.

அடக்கம் முடிந்து சில நாள் கழித்து ஜாஸ்மின் கேட்டாள், "அத்தே, அப்பா சத்தம் எதிலயாவது இருக்கா?" அந்தக் கூடத்தில் பதிந்த என் பாட்டைத் தேடி எடுத்தேன். துண்டுகளைச் சேர்த்துத் திருத்தியது வேண்டாம் என்று, திருத்தாமல் வைத்திருந்ததைப் போட்டேன். ஹாரன் அலறுகிறது. அதன் நடுவே அவர் குரல், "பஸ்ஸு போவட்டு மக்களே, பொறவு பாடலாம்." ஹாரனை எடுத்துவிட்டு அப்பாவை மட்டும் தர முடியுமா என்று கேட்டாள். தெரிந்த ஒருவரிடம் கொண்டுபோனோம். இரண்டும் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன, பிரிக்க முடியாது என்று சொல்லிவிட்டார்.

அதை அப்படியே அவளுக்குக் கொடுத்துவிட்டு, ஒன்றை நானும் வைத்துக்கொண்டேன். நண்பர்களே, அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுதான். சாவிக்காக இனியும் போவேன். கால்கள் தானாகவே அந்தப் பக்கம் போய்ப் பழகிவிட்டன. ஆனால் அலுப்பாக இருக்கிறது. அலுப்பு தாங்காத நாட்களில் அந்தப் பதிவைப் போட்டுக் கேட்கிறேன். பஸ் போகிறது. மெல்ல அமைதியாகிறது. "ம், இப்பம் பாடு" என்கிறார். அதன் பிறகு கேட்பது என் குரல் மட்டும்.