ஒண்ணுமில்ல என்று விளக்கை அணைப்பவர்

என் கணவருக்கு நுரையீரலில் புற்று என்று தெரிந்த வாரமே எங்கள் வாடகை வீட்டு அலமாரி நாட்டு மருந்துக் கடையாகிவிட்டது. வந்தவர்கள் எல்லாரும் ஒரு டப்பா பொடியும் ஒரு கேள்வியும் கொண்டுவந்தார்கள். பொடி, எதிர்ப்பு சக்தி ஏற. கேள்வி, "சிகரெட்டா?" பீடியைக்கூடத் தொடாத மனுஷன் என்றதும் கேட்டவர் முகம் வாடிவிடும். தன் நெஞ்சு ஞாபகம் வந்திருக்கும்.

என் கணவரின் கம்பெனி சூப்பர்வைசரும் ஒரு டப்பாவோடு இருங்காட்டுக்கோட்டையில் எங்கள் வீடு வரை வந்தார். லைனில் 'யோவ்' என்று கூப்பிடுகிறவர், அன்றைக்கு, "அண்ணா, ஒண்ணுமில்ல. எதிர்ப்பு சக்தி கம்மியாயிடுச்சு, அவ்ளோதான்," என்று தீர்ப்புச் சொல்லி, காப்பி குடித்துவிட்டுப் போனார்.

நான் எட்டாவதோடு நின்றவள். பால் பொங்கினாலே பதறுகிறவள். எல்லா டப்பாவையும் பையில் போட்டுக்கொண்டுபோய் டாக்டரம்மா மேசையில் அடுக்கினேன்.

"சக்தி கம்மியில்லம்மா. இருக்கு, நின்னுட்டிருக்கு," என்றார் அவர். கழுத்தில் நெறி கட்டுமே, அந்த மாதிரி முடிச்சுகள் நெஞ்சுக்குள்ளும் உண்டாம். ஒரு வகை வெள்ளை அணு புற்றின் துணுக்கைத் தூக்கிக்கொண்டு அங்கே போய், காத்திருக்கும் இன்னொரு வகையிடம் 'இதுதான் ஆள்' என்று காட்டுமாம். உதவி அணுக்களும் தூண்டிவிட, அது கிளம்பிப் போய்ப் புற்றைக் கொல்லுமாம். "ஆனா கிட்ட வந்ததும், 'ஒண்ணுமில்ல, நிறுத்து'ன்னு புற்று ஒரு சைகை காட்டும். இதுவும் நம்பி நின்னுடும். நாம ஏத்தற மருந்து அந்த சைகையைத் தடுக்குது."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் கணவர் நிமிர்ந்தார். அவருக்கு ஒரகடத்தில் கார் பாகம் செய்யும் கம்பெனி. கோளாறு கண்டால் இழுக்க லைனில் ஒரு கயிறு தொங்கும்; இழுத்தால் மஞ்சள் விளக்கு எரியும். "எங்க லைன் மாதிரியே கீது டாக்டரம்மா! நாங்க கயித்த இழுப்போம். சூப்பர்வைசர் ஓடியாந்து, ஒண்ணுமில்லன்னு வெளக்க அணைச்சுட்டு, நம்மளயே திட்டுவாரு. அப்பால எவன் இழுப்பான்?"

டாக்டரம்மா சிரித்தார். பிறகு எச்சரித்தார்: அவிழ்த்துவிட்ட அணுக்கள் சிலசமயம் நல்ல நுரையீரலையே தாக்கும். மூச்சு வாங்கினால் அன்றைக்கே வரவேண்டும், விட்டால் உயிருக்கே ஆபத்து.

சில தடவை மருந்து ஏறியது. ஸ்கேனில் கட்டி சுருங்கியிருந்தது. அடுத்த வாரம் அவர் மாடிப்படியில் பாதியில் நின்று தெருவை ரசித்தார். எங்கள் தெருவில் ரசிக்கக் கம்பெனி பஸ்ஸும் சாக்கடையும்தான்.

"இன்னாய்யா, மூச்சு வாங்குதா?"

"ஒண்ணுமில்லமே. சொன்னா மருந்த நிறுத்திடுவாங்க. இப்பதான் சுருங்கிக்கினு வருது."

திட்டு வாங்கி வாங்கி, கயிற்றை இழுக்காதவனே நல்ல வேலைக்காரன் என்று பழகிய உடம்பு. சூப்பர்வைசர் இல்லாத இடத்தில் தானே சூப்பர்வைசராகிவிடுகிறது.

ஆட்டோ பிடித்தேன். "இவளுக்கு எவனாச்சும் தும்முனாலும் ஆஸ்பத்திரி," என்று டிரைவரிடம் புகார் சொல்ல ஆரம்பித்தார். முடிக்க மூச்சு போதவில்லை.

நல்ல நுரையீரலில்தான் அணுக்கள் இறங்கியிருந்தன. மருந்தை நிறுத்தி, அவற்றை அடக்க மாத்திரை கொடுத்தார்கள். மூச்சு திரும்பியது. மருந்து இல்லாமல் கட்டி சும்மா இருக்குமா என்று கேட்டேன். "தெரியாதும்மா. பார்த்துக்கிட்டே இருப்போம்," என்றார் டாக்டரம்மா. ஒண்ணுமில்ல என்று சொல்லாத முதல் ஆள் அவர்தான்.

போன வாரம் சூப்பர்வைசர் இன்னொரு டப்பாவோடு வந்தார். "அண்ணா, ஒண்ணு..." என்று ஆரம்பிக்கும்போதே, என் கணவர் என் பக்கம் திரும்பி, "லேசா மூச்சு வாங்குதுமே," என்றார். கேட்காமலே.

நான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பச் செருப்பைத் தேடினேன். எதற்கென்று நினைத்தாரோ, சூப்பர்வைசர் அவசரமாக எழுந்துவிட்டார்.