ஹெட் நர்ஸ் வீட்டு வகுப்பு

ஹெட் நர்ஸ் வார்டுக்குள் நுழைந்தால் நோயாளிகளின் காய்ச்சல் தானாகவே ஒரு டிகிரி இறங்கிவிடும் என்று மருத்துவமனையில் சொல்வார்கள். முப்பது கட்டில்களை மேய்ப்பவளுக்கு ஒரே ஒரு மகளை மேய்க்க முடியாதா என்ற தைரியத்தில்தான் எட்டு வயதுப் பெண்ணைப் பள்ளியிலிருந்து நிறுத்தினாள். காரணம் இல்லாமல் இல்லை. மூன்றாம் வகுப்பு வந்தும் பெண்ணுக்கு எழுத்துக்கூட்டத் தெரியவில்லை. நாற்பத்தைந்து பேர் கொண்ட வகுப்பில் கடைசி பெஞ்சில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தவள் யார் கண்ணிலும் படவில்லை.

மதிய ஷிப்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு, காலையில் சாப்பாட்டு மேஜையில் வகுப்பு நடத்தினாள். கை பழகியது போகுமா? சுவரில் ஓர் அட்டை தொங்கியது. ‘8.30: ஏழாம் வாய்ப்பாடு. முழுவதும் உட்கொண்டாள். 10.00: கட்டுரை. மறுத்தாள். மிரட்டிய பின் பாதி.’

லிப்ட் மெக்கானிக்கான கணவர் அதைப் படித்துவிட்டு, “ஏம்மா, இது பாடமா, பத்தியமா?” என்றார். பதிலுக்கு ஒரு பார்வை கிடைத்தது. டூல் பையைத் தூக்கிக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டார்.

பள்ளி ஆசிரியையான நாத்தனார் அவ்வளவு லேசில் கிளம்புகிறவள் இல்லை.

“அண்ணி, ஊசி போடத் தெரிஞ்சா பாடம் சொல்லித்தரத் தெரியுமா? நாங்க அதுக்குன்னே ரெண்டு வருஷம் படிச்சுட்டு வந்திருக்கோம்.”

“ஒரு பிள்ளைக்குப் படிக்கவே வரலைன்னு மூணு வருஷமா உங்க ஆளுங்க ஒருத்தருக்கும் தெரியலையே. அது எந்தப் படிப்புல சேர்த்தி?”

“தப்புதான், ஒத்துக்கறேன். ஆனா சண்டை போட, சேர்ந்துக்க, ஜெயிக்க அவ வயசுல ஒரு ஆள் வேணாமா? உங்ககிட்ட தோத்துத் தோத்து அது என்னத்தைக் கத்துக்கும்?”

ஹெட் நர்ஸ் பாத்திரம் தேய்க்கப் போய்விட்டாள்.

ஆறு மாதம் கழித்துக் கல்வி அலுவலகத்திலிருந்து ஆய்வாளர் வந்தார். அவர் எழுதுவதுதான் முடிவு: பெண் வீட்டிலேயே தொடரலாம், அல்லது திங்கட்கிழமை பழைய பெஞ்சுக்கே போக வேண்டும்.

“பாப்பா, உனக்கு எந்தப் பாடம் பிடிக்கும்?”

“கணக்கு” என்றாள் தாய்.

“கூட யார் விளையாடுவாங்க?”

“அவங்க அப்பா.”

“சிஸ்டர், நான் பாப்பாவைக் கேட்டேன்.”

“சார், இந்த வீட்ல என்னைக் கேட்டாலும் இவதான் பதில் சொல்லுவா” என்றார் கணவர்.

ஆய்வாளர் ஒரு புத்தகத்தைத் திறந்து பெண்ணிடம் நீட்டினார். புது முகம். பெண் வாயை இறுக மூடிக்கொண்டாள். தாய் கண்ணால் அதட்டினாள், பலிக்கவில்லை. ஆய்வாளர் காத்திருந்து பார்த்தார், பெருமூச்சு விட்டார், எழுத ஆரம்பித்தார்.

மேஜைக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து மெல்லிய குரல் வந்தது.

“தாயார் மிகுந்த கண்டிப்பு. குழந்தைக்குத் தோழிகள் இல்லை. குழந்தைக்கு வாசிக்க...”

பேனா நின்றது.

“வாசிக்கத் தெரியாதுன்னா சார் போடப் போறீங்க?”

“தலைகீழா எப்படிம்மா படிக்கிற?”

“புக்கு எப்பவும் அம்மா பக்கம் பாத்துதானே இருக்கும்!”

ஆறு மாதமாக எதிரே உட்கார்ந்து, புத்தகத்தை நோயாளியின் சார்ட்டைப் போலத் தன் பக்கமே வைத்து நடத்தியவளுக்கு விஷயம் உறைக்கச் சற்று நேரமானது. கணவர் சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஆய்வாளர் தாளை நேராகத் திருப்பி நீட்டினார். அதையும் படித்தாள், கொஞ்சம் நிதானமாக.

அவர் எழுதியதை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினார். “ம், இதைப் படி.”

“ஓராண்டு வீட்டிலேயே கற்பிக்கலாம். தினமும் மாலையில் மற்ற பிள்ளைகளுடன் விளையாட அனுப்ப வேண்டும்.” பெண் மூச்சு வாங்கிக்கொண்டாள். “ஞாயிற்றுக்கிழமை பாடமே நடத்தக் கூடாது.”

ஆய்வாளர் தாளைப் பார்த்தார். அதில் இரண்டு வரிகள்தான் இருந்தன. பெண்ணைப் பார்த்தார். அவள் இமைக்கவில்லை. பேனா மூடியை மறுபடி கழற்றி மூன்றாவது வரியையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.