மூன்றாவது இடைவேளை

போன வருடம் ஆடி மாதம், இணுவிலுக்கு அருகே எங்கள் கோயிலில் புராணபடனம் நடந்துகொண்டிருந்தது. பின்னேரங்களில் ஒருவர் பாட்டை இராகத்தோடு வாசிக்க, மற்றவர் அதற்குப் பயன், அதாவது பொருள், சொல்வார். வாசிப்பவர் என்னைவிட நான்கு வயது மூத்த வெங்காயத் தோட்டக்காரர். நான் அவரை அண்ணை என்பேன். பயன் சொல்பவன், ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியனாகிய நான். இருபது வருடமாக நாங்கள் சோடி.

அந்த முறை அண்ணை அடிக்கடி எழுந்து வெளியே போனார். போனால் திரும்பி வர நேரமெடுக்கும். ஒரு நாள் அப்படி எழுந்தபோது நான் ஒலிவாங்கியில், "அண்ணைக்கு இது மூண்டாவது இடைவேளை" என்றேன். சனம் சிரித்தது. அவரும் சிரித்துக்கொண்டே போனார்.

மறுநாளிலிருந்து அவர் வாசிப்பின் நடுவில் எழும்பவே இல்லை. முன்னால் வைக்கும் செம்புத் தண்ணீரைத் தொடவும் இல்லை. காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் வந்தார் என்பதை அவர் மனைவி பிறகுதான் சொன்னார். நானோ, என் பகிடி வேலை செய்துவிட்டது என்று நினைத்தேன்.

ஒரு நாள் புராணப் படிப்பு முடிந்து சைக்கிளை உருட்டிக்கொண்டு வரும்போது அவர் மெல்லக் கேட்டார்.

"மாஸ்டர், சலம் போறது தடைப்பட்டால் ஆஸ்பத்திரியிலை குழாய் விட்டுத்தான் பாப்பினமாம். உண்மையே?"

எனக்கும் அதே கரைச்சல்தான். இரண்டு மாதத்துக்கு முன், வீட்டுக்கும் சொல்லாமல், பரிசோதனைக்குப் போய் வந்திருந்தேன். தண்ணீர் குடித்து, சலம் முட்டினதும் தனியறையில் ஒரு புனலுக்குள் சலம் கழிக்க வேண்டும். எவ்வளவு வேகமாகப் போகிறது என்று கீழேயுள்ள கருவி கோடாகக் கீறித் தரும். பிறகு அடிவயிற்றில் களிபோல ஒன்றைப் பூசி, மிச்சம் நிற்கிறதா என்று ஸ்கான் பார்ப்பார்கள். குழாயும் இல்லை, ஊசியும் இல்லை. எனக்கு விழுங்கக் குளிசை தந்து அனுப்பிவிட்டார்கள்.

இதைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். ஆனால் சனத்துக்கு முன் அவரைப் பகிடி பண்ணியவன் நான். "உதுகள் எனக்கென்ன தெரியும், அண்ணை" என்றேன். முப்பது வருடம் கரும்பலகையில் சிறுநீரகத்தின் படம் கீறியவன் சொன்ன பதில் அது.

அவர் அப்படிக் கேட்ட ஐந்தாம் நாள் அவருக்குச் சலம் முற்றாக நின்றுவிட்டது. மகன் ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு ஓடினான். எதற்குப் பயந்து போகாமல் இருந்தாரோ, அந்தக் குழாயையே போட்டார்கள். சிறுநீரகமும் பழுதுபடத் தொடங்கியிருந்தது; முன்னமே வந்திருக்கலாம் என்று வைத்தியர் சொன்னாராம்.

ஆஸ்பத்திரியில் நான் அவர் கட்டிலருகே இருந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னையே பார்த்தார். "அப்ப நீங்களும் எங்கடை கட்சிதான்" என்று சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது.

"நோகேல்லையே, மாஸ்டர்?"

"இல்லை, அண்ணை."

"உதை அண்டைக்கே சொல்லியிருக்கலாம்."

நான் கொண்டுபோன பிஸ்கட்டைப் பிரித்து முதலில் எனக்குத்தான் நீட்டினார். நான் வாங்கித் தின்றேன்.

அடைப்பை நீக்கும் சத்திரசிகிச்சை முடிந்து, இந்த வருடம் அவர் மீண்டும் வாசிக்க வந்தார். குரல் பழையபடி ஏறவில்லை. சிறுநீரகத்துக்கு இனி எப்போதும் மருந்துதான். முதல் நாள், தொடங்குமுன், அதே ஒலிவாங்கியில் என் பரிசோதனையைப் புனல் உட்பட எல்லோருக்கும் சொன்னேன். சிலர் சிரித்தார்கள். படிப்பு முடிந்ததும் ஒருவர் செருப்பைத் தேடுவதுபோல என்னருகே வந்து நின்று, அதற்கு எங்கே போக வேண்டும் என்று கேட்டார்.

இப்போது அண்ணை செம்புத் தண்ணீரைக் குடிக்கிறார். நடுவில் எழுந்தும் போகிறார். அவர் திரும்பி வரும்வரை நான் வாய் திறப்பதில்லை. அந்தச் சில நிமிடங்களில், அன்று சைக்கிளை உருட்டியபடி நான் சொல்லாமல் விட்ட பதில்தான் என் காதுக்குள் கேட்டுக்கொண்டிருக்கும்.