உரித்து வைத்த முகம்

எங்கள் வீட்டுக்குள் அறிவியல் நுழைந்தது சின்ன அத்தை வழியாகத்தான். அவள் அப்பாவின் கடைசித் தங்கை. காரைக்கால் பக்கம் கருக்களாச்சேரியில் எங்கள் சொந்தத்தில் பத்தாவதைத் தாண்டிய முதல் பெண். அதனால் அவள் படித்தால் தெருவுக்கே கேட்கும்படி படிப்பாள். சாயங்காலமானால் சுனாமி வீட்டு மொட்டை மாடியில் இந்தக் கைப்பிடிச் சுவருக்கும் அந்தக் கைப்பிடிச் சுவருக்கும் நடந்தபடி, புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு உரக்க ஒப்பிப்பாள். கீழே வலை பிரித்துக்கொண்டிருக்கும் ஆண்கள், "கேட்டுக்கேட்டு நாங்களும் பாஸாயிடுவோம் போலருக்கே" என்று கிண்டல் செய்வார்கள்.

அந்த வருடம் அவளுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு. எனக்கு எட்டு வயது. அவள் பின்னாலேயே நடந்து நடந்து எனக்கும் பாதிப் பாடம் வாயில் ஏறியிருந்தது. "டி.என்.ஏ.வில் எழுதப்பட்டுள்ள செய்தியை ஆர்.என்.ஏ. படியெடுக்கிறது. அந்தப் படி உட்கருவை விட்டு வெளியே வருகிறது. ரைபோசோம் அதை மும்மூன்று எழுத்தாகப் படித்து, அமினோ அமிலங்களை வரிசையாகக் கோத்துப் புரதத்தைச் செய்கிறது."

எனக்கு அதில் புரிந்தது படியெடுப்பது ஒன்றுதான். படியெடுப்பது என்றால் ஜெராக்ஸ். சுனாமிக்குப் பிறகு எங்கள் ஊரில் பிறந்த எந்தப் பிள்ளைக்கும் ஜெராக்ஸ் என்றால் என்னவென்று யாரும் சொல்லித் தர வேண்டியிருந்ததில்லை. வீட்டுக்கு ஜெராக்ஸ், ரேஷனுக்கு ஜெராக்ஸ், படகுக்கு ஜெராக்ஸ். அம்மாவோடு கொம்யூன் பஞ்சாயத்து ஆபீஸ் ஜன்னலில் போய் நின்றால், உள்ளே இருப்பவர் நீட்டிய தாளைத் தொடுவதற்கு முன்பே, "ஒரிஜினல் எங்க?" என்பார். ஒரிஜினல் இல்லாத ஜெராக்ஸ் சுண்டல் மடிக்கத்தான் ஆகும் என்று அம்மா சொல்வாள்.

"புரதம்னா என்னா அத்தை?"

"சதை, முடி, நகம் எல்லாம் அதான். ஒடம்பைக் கட்டுறதே அது. குறுக்க வராதடி, மறந்துடும்."

ஆக, எழுத்து இருக்கிறது. அதை ஜெராக்ஸ் எடுத்தால் உடம்பு வரும். இவ்வளவு சுலபமான சங்கதிக்கு அத்தை ஏன் கால் தேய நடக்கிறாள் என்று எனக்கு வியப்பாக இருந்தது.

அந்த ஐப்பசியில் அப்பாவின் படகு ஆற்று முகத்துவாரத்தில் கவிழ்ந்தது. போன மூன்று பேரில் இரண்டு பேர் நீந்திக் கரையேறினார்கள். அப்பாவைக் காணவில்லை. ஊர்ப் படகுகள் எல்லாம் தேடின. அம்மா அழவில்லை. தினமும் குளித்து, பெரிதாகப் பொட்டு வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்தாள். உடம்பைப் பார்க்காமல் அழுதால், வர இருந்தவனையும் போகச் சொல்வது போல் ஆகிவிடும் என்பது அவள் பிடிவாதம்.

பன்னிரண்டு நாள் கழித்துத் தெற்கே ஓர் உடல் ஒதுங்கியது. அதற்கு முகம் இல்லை. ஏன் இல்லை என்று என்னிடம் யாரும் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து எங்கள் தெருவில் எந்த வீட்டிலும் மீன் குழம்பு கொதிக்கவில்லை. மீன்பிடிக்கிற ஊரில் ரசமும் அப்பளமும் மணந்தது எனக்கு என்னவோ போல் இருந்தது. அதே வாரத்தில் நாகப்பட்டினம் பக்கத்து ஊர் ஒன்றிலும் ஒருவரைக் காணவில்லையாம். ஓர் உடம்புக்கு இரண்டு வீட்டார் வந்து நின்றார்கள். ஆகவே ரத்தம் எடுக்க வேண்டும் என்றார்கள்.

ஆஸ்பத்திரியில் என்னைப் பிடித்துக்கொண்ட போலீஸ்காரர் நல்ல மனிதர். "பயப்படாத பாப்பா. ஒங்க அப்பா ஒன் ரத்தத்துலதான் இருக்காரு. அதைப் படிச்சுப் பாத்து ஆளைச் சொல்லிடுவாங்க" என்றார். அம்மாவிடம் ஒரு குழாய், என்னிடம் ஒரு குழாய். பெயர் ஒட்டி ஐஸ் பெட்டியில் வைத்தார்கள். ஐஸ் பெட்டியில் வைத்து வெளியூருக்குப் போனது எதுவும் எங்கள் ஊருக்குத் திரும்பி வந்ததில்லை. இது மட்டும் திரும்பி வரும் என்றார்கள். ஒரு மாதம் ஆகலாம், இரண்டு மாதமும் ஆகலாம்.

அன்று மாடியில் அத்தை ஒப்பிக்கவில்லை. புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான்தான் கேட்டேன்.

"என் ரத்தத்துல அப்பா முழுசா இருக்காரா?"

"பாதி எழுத்து அவரோடது. பாதி ஒங்க அம்மாது."

"படியெடுக்கறப்ப தப்பு வருமா?"

"எப்பவாச்சும் வரும். ஒரு எழுத்து மாறுனாலும் சில நேரம் வேற மாதிரி ஆயிடும்."

"அப்பாவோட புருவக் காயம்?"

"காயம்லாம் எழுத்துல இருக்காது. அது பொறந்ததுக்கு அப்பறம் வந்ததுதானே." சொல்லிவிட்டு அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அப்பாவின் வலது புருவத்தைத் தூண்டில் முள் ஒன்று இரண்டாகப் பிளந்திருந்தது. இடது சுண்டுவிரல் கயிற்றில் மாட்டி வளைந்தே போனது. அவையெல்லாம் இல்லாமல்தான் வரப்போகிறார் என்று நான் மனதைத் தயார் செய்துகொண்டேன். என் கவலை வேறு. பாதி எழுத்து என்றால் எந்தப் பாதி? மேல் பாதியா, கீழ்ப் பாதியா? இதை அத்தையிடம் கேட்கப் பயமாக இருந்தது. பஸ் நிற்கிற சத்தம் கேட்டாலே உள்ளே ஓடிப்போய்க் கதவிடுக்கு வழியாகப் பார்ப்பேன்.

படகு கவிழ்ந்த மூன்றாம் வாரம், மழை விட்ட ஒரு மதியம் அவர் வந்தார்.

முதலில் பார்த்தது தெரு நாய். அப்பாவிடம் மட்டும் தலை கொடுக்கிற நாய் அது. வாலை ஆட்டிக்கொண்டு பாய்ந்து ஓடியது. பாதி வழியில் நின்றது. மூக்கைத் தூக்கிப் பார்த்துவிட்டு, குரைக்காமல் பின்னாலேயே நகர்ந்து படகுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

அதே நடை. வலது தோளைக் கொஞ்சம் தூக்கி நடப்பது, செருப்பைத் தேய்ப்பது, மேல் வரிசைப் பல்லில் ஒன்று மட்டும் உள்ளே தள்ளியிருப்பது, தடித்த மீசை, எல்லாம் அப்படியே. கைலிக்குப் பதில் பேன்ட் போட்டிருந்தார். எதிர் வீட்டுப் பெண் கையிலிருந்த முறத்தோடு எழுந்து நின்று, "ஐயோ, அவனை உரிச்சில்ல வச்சிருக்கு!" என்று கத்தினாள்.

உரித்து வைத்திருக்கிறது என்று எங்கள் பக்கம் யாரைப் பார்த்தாலும் சொல்வார்கள். அப்பனை உரிச்சு வச்சிருக்கா என்று என்னையே ஆயிரம் முறை சொல்லியிருக்கிறார்கள். அன்றைக்குத்தான் அந்தச் சொல்லை முழுதாகக் கேட்டேன். எதிலிருந்து உரித்தார்கள்? நான் கதவிடுக்கில் நின்று அவர் புருவத்தைப் பார்த்தேன். வலது புருவம் முழுதாக, பிளவே இல்லாமல் இருந்தது. பையை இறக்கி வைத்த இடது கையில் சுண்டுவிரல் நேராக இருந்தது. கதவிடுக்கை இன்னும் சின்னதாக்கினேன்.

"ஒங்க பெரியப்பாடி. பஹ்ரைன்லேருந்து வந்திருக்காரு" என்றாள் அத்தை.

பெரியப்பா ஒருவர் உண்டு என்று கேள்விப்பட்டிருந்தேன். அண்ணன் தம்பி இரண்டு பேரும் ஒரே படகில் போகவேண்டியவர்கள். நான் பிறப்பதற்கு முன்பே அவர் தம்பியை விட்டுவிட்டு வெளிநாட்டுக் கடலுக்குப் போய்விட்டார். அதிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை, வீட்டில் போட்டோவும் இல்லை. அவர்கள் இரட்டைப் பிள்ளைகள் என்பதை மட்டும் யாரும் என்னிடம் சொன்னதில்லை. ஊருக்கே தெரிந்த விஷயத்தை ஊரில் யாரும் யாருக்கும் சொல்வதில்லை. எனவே, என் ரத்தத்திலிருந்து செய்து அனுப்பிய ஆளுக்கு ஒரு பெயர் வேண்டுமே என்று பெரியப்பா என்று வைத்திருக்கிறார்கள் என்றே நான் எடுத்துக்கொண்டேன்.

அவர் அப்பாவைப் போலவே மூன்று முறை சேர்ந்தாற்போல் தும்மினார். சோற்றில் கறிவேப்பிலையைத் தட்டின் வலப்பக்கம் ஒதுக்கினார். கூப்பிட்டால் குரல் அப்பாவுடையது. அதற்குள் வருகிற வார்த்தைகள் மட்டும் வேறு யாருடையவோ. அம்மா அவர் எதிரில் வரவே இல்லை. சோற்றை அத்தையிடம் கொடுத்தனுப்பிவிட்டு, அடுப்படியில் சுவரைப் பார்த்து நின்றாள். அம்மாவுக்கும் விஷயம் தெரிந்திருக்கிறது என்று எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

ஆனால் ஒன்று என்னைக் கலக்கியது. அவர் வந்த பிறகு, "ஏதும் தகவல் உண்டா?" என்று வாசலில் வந்து கேட்பவர்கள் நின்றுபோனார்கள். கடலுக்குப் போகிறவர்கள் தெற்கே ஒரு சுற்று சுற்றிவிட்டு வருவதும் நின்றது. எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஜெராக்ஸ் வந்தாயிற்று. இனி ஒரிஜினலை யாரும் தேடமாட்டார்கள். அப்பா எங்கேயோ ஒரு கரையில் கிடந்து கூப்பிட்டுக்கொண்டிருக்க, இந்த ஆள் அவர் தட்டில் சாப்பிடுகிறார். அதுவும் என் கையிலிருந்து எடுத்த ரத்தத்தில் வந்த ஆள். கையை நீட்டியவள் நான்தானே.

ஐந்தாம் நாள் மதியம் கூடத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தவர் என்னைக் கூப்பிட்டார்.

"பாப்பா, இங்க வாம்மா. வந்ததுலேருந்து என்னை ஏன் அப்படிப் பாக்குற?"

நான் கதவைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். ஆனாலும் ஆபீஸ் ஜன்னலுக்குள் இருப்பவரின் குரலில் கேட்டேன்.

"நீங்க ஜெராக்ஸ்தானே? ஒரிஜினல் எங்க?"

அவர் முதலில் சிரிக்கப் பார்த்தார். பாதியில் வாய் அப்படியே நின்றது. டீ டம்ளரைக் கீழே வைத்தார். வைத்த கை டம்ளரை விட்டு வரவில்லை. பிறகு எழுந்து, செருப்பைக்கூடப் போடாமல் கடற்கரைப் பக்கம் நடந்து போனார். அவர் அன்று காலைதான் ஆஸ்பத்திரிப் பிணவறைக்குள் போய்விட்டு வந்திருந்தார் என்பது எனக்குத் தெரியாது.

மறுநாள் காலை அம்மா தெருக்குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டு திரும்பினாள். எதிரே அவர் காரைக்கால் பக்கமிருந்து வந்தார். முகத்தில் மீசை இல்லை. மழுமழுவென்று, மேலுதடு வெளுத்து இருந்தது.

எங்கள் பக்கத்து ஆம்பிளை மீசையை எடுப்பது ஒரே காரியத்துக்குத்தான். வீட்டில் சாவு என்று பொருள். அதை வாயால் சொல்ல வேண்டியதில்லை.

அம்மாவின் இடுப்பிலிருந்த குடம் நழுவி விழுந்தது. அவள் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. இருபத்தைந்து நாளாக அடைத்து வைத்திருந்த குரல், "ஐயோ என் சாமி" என்று வெடித்துக் கிளம்பியது. உட்கார்ந்த இடத்திலேயே பொட்டைத் தன் கையால் அழித்தாள். ஒவ்வொரு வீட்டுக் கதவாகத் திறந்தது. பெண்கள் கூந்தலை அவிழ்த்துக்கொண்டே ஓடிவந்து அம்மாவைச் சுற்றி உட்கார்ந்தார்கள். யாரோ ஒப்பாரி எடுத்தார்கள். யாரோ பந்தலுக்குச் சொல்லிவிட ஓடினார்கள். நடுவில் அவர் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, "சேதி வரலம்மா... இன்னும் வரல... நான் சும்மாதான் எடுத்தேன்... கேளுங்களேன்" என்று ஒவ்வொருவரிடமும் போய்ச் சொன்னார். யார் காதிலும் விழவில்லை. மீசை இல்லாத வாய் சொல்வதை யார் நம்புவார்கள்?

சேதி வரவில்லை என்பது எல்லாருக்கும் புரிய மதியமாயிற்று. அபசகுனம், அறிவில்லை, வெளிநாடு போனவன் புத்தி அப்படித்தான் என்று பெரியவர்கள் ஏசினார்கள். ஆனால் எடுத்த ஒப்பாரியை யாராலும் திருப்பி வைக்க முடியவில்லை. அம்மா மறுபடி பொட்டு வைத்துக்கொள்ளவில்லை. இரண்டு வாரம் கழித்து அறிக்கை வந்தது. அது அப்பாதான்.

பல வருடம் போன பிறகு அத்தை எனக்கு மீதியைச் சொன்னாள். ஒரே கரு இரண்டாகப் பிரிந்தது. ஒரே எழுத்து, இரண்டு உடம்பு. ஆஸ்பத்திரியில் பெரியப்பா, "என்கிட்ட எடுத்திருக்கலாமே சார், புள்ளைய ஏன் குத்துனீங்க?" என்று சண்டை போட்டாராம். நான் கேள்வி கேட்ட அன்று சாயங்காலம் அத்தையிடம் வந்து, "மீசைய எடுத்துட்டா கொஞ்சம் வேற ஆளாத் தெரிவேனா? தம்பி பொண்டாட்டி என்னைப் பாக்கமாட்டாம செவுத்தப் பாத்துக்கிட்டு நிக்குது. புள்ள பயப்படுது. நான் இந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு எங்க போறது?" என்று கேட்டிருக்கிறார். அத்தையும் பரீட்சை நினைப்பில், தெரிவீங்கண்ணே என்று சொல்லிவிட்டாள். அந்நியக் கடலில் இத்தனை வருடம் இருந்ததில், வழித்த மேலுதடு நம் தெருவில் என்ன சொல்லும் என்பது அவருக்கு மறந்துபோயிருந்தது. மூஞ்சியில் ஒரே ஒரு எழுத்தை அழித்தார். ஊர் அதை வேறு வார்த்தையாகப் படித்துவிட்டது.

அந்தக் காலையில் எனக்கு இது எதுவும் தெரியாது. மீசை போன அந்த முகத்தை நான் நன்றாகப் பார்த்தேன். அது அப்பாவைப் போல இல்லை. வந்த நாளிலிருந்து இருந்த பயம் அப்படியே இறங்கிவிட்டது. கேட்ட கேள்வியில் மாட்டிக்கொண்டு வேஷத்தைக் கலைத்துவிட்டார், இது ஒரிஜினல் இல்லை என்று ஊருக்கே தெரிந்துவிட்டது, இனி எல்லாரும் படகை எடுத்துக்கொண்டு அப்பாவைத் தேடப் போவார்கள் என்று நினைத்தேன். எனக்குப் பெருமை தாங்கவில்லை. மார்பில் அடித்துக்கொள்கிற பெண்களை விலக்கிக்கொண்டு உள்ளே போய், அம்மாவின் காதோடு வாயை வைத்துச் சொன்னேன்.

"அழாதம்மா. நான்தான் கண்டுபிடிச்சேன்."

அம்மா என்னைப் பார்த்தாள். என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, நெற்றி, கண், மூக்கு, வாய் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு என்னை இழுத்து அணைத்துக்கொண்டு, முன்னைவிடச் சத்தமாக அழத் தொடங்கினாள். நல்ல சேதி சொன்ன பிறகும் ஏன் அழுகிறாள் என்று எனக்குக் கோபம்தான் வந்தது.